யாருடைய படகு?

பெப்ரவரி 3

இன்று ஆஸ்முண்ட் கோப்பிக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். தொண்ணூற்றொரு வயதில் இத்தனை பலம் எங்கிருந்து வருகிறதோ. துடைத்தவள் நான்தான். இந்த முதியோர் இல்லத்தில் எது சிந்தினாலும் முதலில் கேட்கும் பெயர் தவமலர்.

காரணம் ஒரு பாட்டு. கொட் மீன் காலம் தொடங்கிவிட்டால் இந்தத் தீவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் பாடும் நாலு வரிப் பாட்டு. கடையில் விற்கும் கைதுடைக்கும் துணியில்கூட அதை அச்சடித்திருக்கிறார்கள். சமையலறையில் வேலை செய்யும் பெட்டைகள் பாடினார்கள். மூன்று வரி வரைக்கும் ஆஸ்முண்டும் வாயசைத்தார். நாலாவது வரி வந்ததும் “இல்லை, இல்லை” என்று கத்தினார். கோப்பை பறந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். பாட்டாக இல்லை, மந்திரம் போல. சொற்களும் வேறு. முப்பது வருடமாக நோர்வேயில் இருக்கிறேன். இவர்களின் மொழியில் சண்டை பிடிக்கக்கூட எனக்குத் தெரியும். இருந்தும் அவர் சொன்னதில் பாதி விளங்கவில்லை. மூன்று வரியோடு நிறுத்தி, என்னை உற்றுப் பார்த்து, “நீ யாருடைய படகு?” என்று கேட்டார்.

“நான் படகில்லை. தவமலர்” என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொறுப்புத் தாதி ரண்டி சிரித்தாள். எல்லோரிடமும் இதையேதான் கேட்பாராம். போன முறை வைத்தியரிடம் கேட்டாராம். அவர் “நான் காரில் வந்தேன்” என்று சொன்னாராம். “மூண்டு வரிதான் மிச்சம். நாலாவதை மறதி திண்டிட்டுது. அதுதான் கோவம் வருது” என்றாள் ரண்டி. அடுத்த முறை வைத்தியர் வரும்போது மருந்தைக் கூட்டச் சொல்லப் போகிறாளாம். கூட்டினால் நாள் முழுக்கத் தூங்குவார். சுவரும் சுத்தமாக இருக்கும்.

மகன் ஆரூரன் கடலுக்குப் போனானா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. தென்மேற்குக் காற்று, பின்னேரம் தணிந்தது. மூன்று மணிக்கு அவனுடைய படகு துறையில் நின்றது.

பெப்ரவரி 6

ஆரூரன் இல்லத்துச் சமையலறைக்கு ஒரு பெரிய கொட் மீனோடு வந்தான். என்னைப் பார்க்க வரவில்லை, மீன் கொடுக்க வந்தானாம். சரி.

பிற்காலத்தில் இதைப் படித்தால் எனக்கே நினைவு வரட்டும் என்று எழுதி வைக்கிறேன். என் ஒரே பிள்ளை ஒஸ்லோவில் பொறியியலாளன் வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகு வாங்கினான். அன்று நான் சொன்னதெல்லாம் இங்கே எழுதத் தகாதவை. அதற்குப் பிறகு நாங்கள் மீன், மழை, கதவுத் திறப்பை எங்கே வைத்தாய் என்பது பற்றி மட்டும் கதைக்கிறோம். அவனுடைய படகில் நான் கால் வைத்ததில்லை.

இன்று அவனுக்கு ஒரே உற்சாகம். மற்றப் படகுக்காரர் யாரும் எங்கே வலை போடுகிறார்கள் என்று இவனுக்குச் சொல்வதில்லை. இப்போது இவனே ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டானாம். விதவைப் பாறைக்கு உட்புறம். கடலுக்குள் இருக்கும் ஒரு கல் அது. அலை ஏறும்போது மட்டும் அதன்மேல் நுரை வெள்ளையாகத் தெரியும். அந்தப் பக்கம் எவனும் போவதில்லை.

“அம்மா, உந்தப் பாட்டு பாட்டில்லை. கரைக்குறி. ஒருத்தரும் யோசிக்கேல்லை. பாட்டிலை வாற குதிரையெண்டது குதிரைமலை. விதவையெண்டது விதவைப் பாறை. வரைபடத்திலை அந்த இடம் முழுக்கப் பாறையெண்டு குத்துக் குத்தாப் போட்டிருக்கு. உள்ளை போற வழி இல்லை. வழி பாட்டிலைதான் இருக்கு.”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். அம்மப்பா கரையிலை இருக்கிற ரெண்டு சாமானை ஒரே கோட்டிலை கொண்டந்துதான் மீன் கிடக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறவரெண்டு, அதைப் பாட்டாப் பாடுவினமெண்டு சின்ன வயசிலை எத்தினை தரம் சொன்னனீங்கள்.”

சொன்னது உண்மைதான். அவனுக்குச் சோறு ஊட்டுவதற்காகச் சொன்ன கதை. எங்கள் கடற்கரை ஊர் மயிலிட்டியில் என் தகப்பனை, நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம், மிஞ்சக் குறி தெரிந்தவர் யாரும் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டு சொன்ன கதை.

எங்கள் பேச்சு ஆஸ்முண்டின் காதில் விழுந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆரூரனின் சட்டைக் கையைப் பிடித்தார். மூன்று வரி சொன்னார். “நீ யாருடைய படகு?” என்றார்.

“என்ரை படகு” என்றான் பிள்ளை, சிரித்துக்கொண்டு.

ஆஸ்முண்ட் கையை விட்டுவிட்டார். அப்போது அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 7

நித்திரை இல்லை. மீன் பொரித்தேன். சாப்பிடவில்லை.

பெப்ரவரி 10

ஆஸ்முண்ட் சொல்வதைப் போனில் பதிவு செய்தேன். நூலகத்தில் இருக்கும் பெண் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய நோர்ஸ் மொழி படிப்பிக்கும் குன்வோர் என்ற பேராசிரியையின் முகவரி தந்தாள். அனுப்பிவிட்டேன். நாலாவது வரி எதுவென்று கண்டுபிடித்துவிட்டால் ஆஸ்முண்டுக்கு மனம் ஆறும், மருந்தும் கூட்ட வேண்டியிராது. அதற்காகத்தான்.

வாசலில் உறைபனி வழுக்குகிறது. உப்புப் போட்டேன்.

பெப்ரவரி 14

குன்வோர் போன் எடுத்தார். பேராசிரியைகள் இப்படி மூச்சு வாங்கிக் கதைப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

ஆஸ்முண்ட் சொல்வது இன்றைய மொழியில்லையாம். பல நூறு வருடத்துப் பழைய நோர்ஸ். தீவுக்காரர் பாடுவது அதன் பிற்காலத்து வடிவம். தீவுப் பாட்டின் இரண்டாவது வரியில் வருவது கிறிஸ்தவத் தேவாலயம். ஆஸ்முண்ட் சொல்லும் சொல்லோ பழைய தெய்வங்களின் கோயிலைக் குறிப்பதாம். கிறிஸ்தவம் வருவதற்கு முன் அதே மேட்டில் அது இருந்திருக்க வேண்டும் என்கிறார். தொலைந்துபோன ஒரு பெரிய தெய்வப் பாடலின் துண்டு இது என்று அவருக்கு நம்பிக்கை. குதிரை தெய்வத்தின் வாகனமாம், விதவை கணவனை இழந்த தேவியாம். கதையின் முடிவு நாலாவது வரியில்தான் இருக்கிறதாம்.

என் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் குதிரைமலை தெரியும்.

அவர் சொன்ன பொருளை வைத்து நானே தமிழில் எழுதிப் பார்த்தேன்.

குன்றேறி நிற்கட்டும் குதிரை,
கோயில் ஒளியட்டும் கல்லின் பின்னே,
வெள்ளை உடுத்தி விதவை எழுந்தால்—

தீவுக்காரரின் நாலாவது வரி: கிழக்கே திரும்பி இறக்கு வலையை.

அந்தக் காலத்துப் பாடல்களில் ஒரு சட்டம் உண்டாம். வரிக்குள்ளே சொற்கள் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும். “உங்களுக்கு விளங்கப்படுத்துறது கஷ்டம்” என்றார். மோனைக்கு எனக்கு விளக்கமா? பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்கியவள் நான். ஆஸ்முண்டின் மூன்று வரியிலும் மோனை கச்சிதமாக விழுகிறது. தீவுக்காரரின் நாலாவது வரியைப் பழைய மொழிக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தாராம். எப்படிப் போட்டாலும் விழவில்லை. “அந்த வரியை வேறை ஆரோ பிறகு ஒட்டியிருக்கினம். ஏனெண்டுதான் தெரியேல்லை” என்றார்.

போனை வைத்தேன். அந்த வரியை ஏன் மாற்றி ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 15

ஆரூரனுக்குப் போன் எடுத்தேன். நானாக எடுத்தது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

“உந்தப் பாட்டை நம்பி அங்கை போகாதை.”

“ஏன்?”

“போகாதையெண்டால் போகாதை.”

“ரெண்டு வருசமா நீங்கள் இதைத்தானே சொல்லுறியள், அம்மா. துறைக்குப் போகாதை, படகு வாங்காதை. இப்ப பாட்டைக் கேளாதை. என்ன காரணம், அதைச் சொல்லுங்கோவன்.”

“நாலாவது வரி பிழை.”

“ஆர் சொன்னது?”

“பேராசிரியை.”

“அவவுக்குக் கடல் தெரியுமோ? கரைக்குறி பொய் சொல்லாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அம்மப்பாவும் பாட்டாலைதானே போனவர்.”

உண்மை வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்கிவிட்டு, “உன்னைப் படிப்பிச்ச காசுக்கு மாடு வாங்கியிருக்கலாம்” என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாவிட்டாலும் சொல்லக்கூடாததை மட்டும் எனக்கு நன்றாகச் சொல்ல வரும்.

பெப்ரவரி 18

வைத்தியர் 24ஆம் திகதி வருகிறார். அதற்குப் பிறகு ஆஸ்முண்ட் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். நாலாவது வரியும் அவரோடு சேர்ந்து தூங்கிவிடும்.

ரண்டியிடம் ஒரு கிழமை தள்ளிப்போடச் சொன்னேன். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் நேற்று அவர் ஒரு பெட்டையின் மணிக்கட்டை முறுக்கிவிட்டார். பாட்டை வாய்க்குள் பாடினாளாம். “எனக்கு மற்றச் சனத்தையும் பாக்கவேணும், தவமலர்” என்றாள்.

இன்று அவருக்கு முகம் வழிக்கும்போது கேட்டேன். மூன்று வரி சொன்னார். “யாருடைய படகு?” இந்த முறை நான் தந்திரமாக, “உங்கடை படகு” என்றேன்.

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “பொய்” என்றார். “இந்தக் கை என்ரை படகிலை இருந்ததில்லை.”

பாதி முகத்தில் சவர்க்காரத்தோடு இருந்த கிழவனிடம் பிடிபட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

பெப்ரவரி 20

அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதம், கடலின் ஏற்றஇறக்கம், கூடுதலாக இருக்கும். திங்கட்கிழமை காலையில் காற்று விழும், மத்தியானத்துக்குப் பிறகு எழும் என்று வானொலியில் சொன்னார்கள். பாறையில் நுரை ஏற வேண்டும், ஆனால் காற்று இருக்கக்கூடாது. பாட்டில் சொல்லும் நாள் அப்படிப்பட்ட நாள்தான்.

ஆரூரனுக்கு இடியப்பமும் சொதியும் துறையில் இருக்கும் லூட்விக்கிடம் கொடுத்துவிட்டேன். லூட்விக் மீன் வாங்கும் கூடத்தில் தராசுக்காரன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. திங்கள் காலை போவதாக லூட்விக்கிடம் சொன்னானாம்.

பெப்ரவரி 22

ஐயாவைப் பற்றி நான் ஆரூரனுக்குச் சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாததும் கொஞ்சம் உண்டு.

கடற்கரையில் வலை இழுக்கும்போது எல்லோருக்கும் கேட்கப் பாடும் பாட்டில் ஒரு குறியை மாற்றித்தான் பாடுவார்கள். அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டு வந்து நம் இடத்தில் வேறு ஊர்க்காரன் வலை போடக்கூடாது அல்லவா. சரியான குறி படகுக்குள் இருக்கிறவனுக்கு மட்டும். படகை விட்டு இறங்கிப் போனவனுக்குச் சொல்வதில்லை. ஒருவன் கேட்டால் அவனும் தன் குறி ஒன்றைத் தரவேண்டும். குறிக்குக் குறி. ஐயாவுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் எனக்குச் சொன்னார். நான் இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

சின்னமாமா ஐயாவோடு கோபித்துக்கொண்டு வேறொருவரின் படகுக்கு மாறினார். அம்மாவின் தம்பி. எனக்கு மணிக்கூடு பார்க்கப் பழக்கியவர்.

இதற்கு மேல் எழுதவேண்டியதில்லை. அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை ஐயாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை, சாப்பாட்டை மட்டும் போட்டு வைப்பா.

பெப்ரவரி 24

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேலைக்குத் துறை வழியாகத்தான் போனேன். மேல் தெருவால் போனால் கிட்ட, ஆனால் நடப்பது உடம்புக்கு நல்லது. ஆரூரனின் படகு நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. கடல் எண்ணெய் பூசினதுபோல் கிடந்தது, ஆனால் அடியிலிருந்து ஓதம் மெல்ல ஏறி இறங்கியது. சின்னமாமா கடலுக்குப் போன நாளும் இப்படித்தான் இருந்தது.

வைத்தியர் பதினொரு மணிக்கு. ஆஸ்முண்டின் அறை ஜன்னலில் மலைச்சரிவு மட்டும்தான் தெரியும். எனக்கு என்ன தோன்றியதோ, அவரைச் சாப்பாட்டு மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே பெரிய கண்ணாடி, முழுக் கடலும் தெரியும். வெயில் வந்திருந்தது. தூரத்தில் விதவைப் பாறையில் ஒரு வெள்ளைக் கோடு எழுந்து விழுந்தது. ஆஸ்முண்ட் அதைப் பார்த்தார். கூனிய முதுகு நிமிர்ந்தது.

மூன்று வரி. பிறகு, “நீ யாருடைய படகு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நாங்கள் இவர் மறந்துவிட்டார் என்று நினைத்தோம். பாட்டைத் தேடினோம், பேராசிரியையைத் தேடினோம். இவர் அந்த வரியை மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கேட்கிறார். பதில் வராதபடியால் சொல்லாமல் விடுகிறார். தன் பெயர் மறந்துபோயும், பெண்சாதி பெயர் மறந்துபோயும், காக்கவேண்டியதை மட்டும் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நானும் அதே சாதி ஆள்தானே.

அவருக்கு முன்னால் ஒரு வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“என்ரை ஐயாவின்ரை படகு” என்றேன். “மயிலிட்டி.”

“தூரமோ?”

“தூரம்.”

“அவனிட்டைக் குறி இருந்ததோ?”

“இருந்தது.”

“சொல்லு.”

சொன்னேன். நோர்வே மொழியில் சொல்லத் தொடங்கி, வராத இடத்தில் தமிழில் சொல்லி, கையால் காட்டினேன். சீமெந்து ஆலையின் புகைபோக்கி, கோயில் கோபுரம், ஒற்றைப் பனை. கரையில் பாடும் குறி இல்லை, மற்றது. ஐயா எனக்குச் சொன்னதற்குப் பிறகு அது வேறொரு காதில் விழுந்தது இதுதான் முதல் தடவை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அலை எங்கை உடையும்?”

காட்டினேன்.

“அதுக்குப் பிறகு எந்தப் பக்கம்?”

அதையும் காட்டினேன். நான் காட்டியதை விரலால் நாற்காலிக் கையில் ஒருமுறை வரைந்து பார்த்தார். “நல்ல இடம்” என்றார். பிறகு குனிந்து, என் காதில், நாலாவது வரியைச் சொன்னார். பழைய சொற்கள். அதில் இரண்டு எனக்கு விளங்கின, மிச்சத்தை அவருடைய கை காட்டியது. கிழக்கே அல்ல.

அந்த வரியை இங்கே எழுதமாட்டேன்.

ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், இல்லத்து உடுப்போடு, வழுக்கும் றோட்டில். ரண்டி பின்னால் கூப்பிட்டது கேட்டது. ஆரூரனின் போன் எடுபடவில்லை. மீன் கூடத்தில் லூட்விக் படகு ரேடியோவுக்குப் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் இருந்து ஜிபிஎஸ் யாருக்கும் சரியில்லையாம். இந்தப் பக்கங்களில் அடிக்கடி நடப்பதுதான். எங்கிருந்தோ குழப்புகிறார்களாம். ஒரு படகைக் குதிரைமலை உச்சியில் நிற்பதாகக் காட்டுகிறது என்று சிரித்தான். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி வழிவிட்டான்.

“ஆரூரன், அம்மா கதைக்கிறன். எங்கை நிக்கிறாய்?”

இரைச்சல். பிறகு அவன் குரல். “அம்மா? இதிலை ஏன் கதைக்கிறியள்? எல்லாப் படகும் கேக்கும்.”

“எங்கை நிக்கிறாய்?”

“குதிரை ஏறிட்டுது. கோயில் மறைஞ்சிட்டுது. விதவை வெள்ளையா எழும்புது. கிழக்கை திருப்பப் போறன்.”

“திருப்பாதை.”

“ஏன்?”

போன முறை நான் பதிலை விழுங்கின கேள்வி அதுதான். இந்த முறை பதினைந்து படகு கேட்டுக்கொண்டிருந்தது. லூட்விக் பக்கத்தில் நின்றான்.

“அம்மப்பா கரையிலை பாடின பாட்டு பொய்யடா. ஒரு குறியை மாத்தித்தான் பாடுறவை. என்ரை சின்னமாமா அதை நம்பிப் போனவர். படகிலை மூண்டு பேர். ஒருத்தரும் வரேல்லை. அம்மப்பாவுக்குத் தெரியும், அவர் எந்தப் பாட்டிலை போறாரெண்டு. படகு மாறினவனுக்குச் சொல்லக்கூடாதெண்டு பேசாமல் இருந்தவர். எனக்கும் தெரியும், எனக்குப் பதினாலு வயசு. ஐயாவுக்குப் பயந்து நானும் பேசாமல் இருந்தனான்.”

ரேடியோவில் அந்த இரைச்சல் மட்டும்.

“இந்தப் பாட்டும் அப்பிடித்தான். ஆஸ்முண்ட் சரியானதைச் சொல்லிப்போட்டார். கேள்.” நாலாவது வரியைத் தமிழில் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

பதில் இல்லை. லூட்விக் ஜன்னலுக்குப் போய்த் தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. ரேடியோப் பெட்டியின் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் அம்மா தன் தம்பிக்காகக் கடற்கரையில் நின்ற நேரத்தைவிடக் குறைவுதான்.

“அம்மா.”

“ம்.”

“திருப்பிட்டன். நீங்கள் சொன்ன பக்கம்.” மூச்சு விட்டான். “நான் போகவிருந்த இடம் இப்ப தெரியுது. ஓதம் இறங்கேக்கை கல்லு கறுப்பா வெளியிலை வருது. நிறையக் கல்லு.”

மீன் பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். ரேடியோவில் வேறொரு படகுக்காரன், “அந்த அம்மா என்ன சொன்னா?” என்று கேட்டான். லூட்விக்கும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தான்.

“சாப்பாடு ஆறுது, கெதியா வாவெண்டு சொன்னனான்” என்றேன்.

தீவு முழுக்கக் கேட்டது. ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆஸ்முண்டின் வரி பத்திரமாக இருக்கிறது.

இல்லத்துக்குத் திரும்பியபோது வைத்தியர் வந்திருந்தார். ஆஸ்முண்ட் சாப்பாட்டு மண்டபத்தில் கடலைப் பார்த்தபடி பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம், இப்படி அமைதியாக அவரைக் கண்டதேயில்லை என்றாள் ரண்டி. மருந்தை இப்போதைக்குத் தொடவேண்டாம், இடத்தை மாற்றியதுதான் வேலை செய்திருக்கிறது என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். வேலை நேரத்தில் ஓடியதற்கு எனக்கு ஓர் எச்சரிக்கை. வாங்கிக்கொண்டேன்.

பெப்ரவரி 25

ஆரூரன் வந்து சாப்பிட்டான். படகு நிறைய மீனாம், அதைப்பற்றி அதிகம் கதைக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது, “அவருக்கு என்ன பேர், அம்மா?” என்றான்.

“ஆருக்கு?”

“உங்கடை சின்னமாமாவுக்கு.”

“நவரத்தினம்.”

எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னது அவர் போன பிறகு இன்றுதான். அழுதேன். அவன் தண்ணீரை நிறுத்தாமல் கழுவிக்கொண்டே நின்றான். அது நல்லதாக இருந்தது.

மார்ச் 7

பேராசிரியை குன்வோர் நேரில் வந்தார். சின்ன உருவம், பெரிய ஒலிவாங்கி. ஆஸ்முண்ட் அவருக்கு மூன்று வரியையும் அழகாகச் சொன்னார். குன்வோர் கண் கலங்கிவிட்டார். பிறகு ஆஸ்முண்ட் அவரைப் பார்த்து, “நீ யாருடைய படகு?” என்று கேட்டார்.

குன்வோர் என்னைப் பார்த்தார். “இது என்ன கேள்வி?”

“எல்லாரிட்டையும் கேப்பார்.”

“நாலாவது வரி ஒருநாளும் வரேல்லையோ? உங்களுக்குக்கூடச் சொல்லேல்லையோ?”

நல்ல மனிசி. எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறா. அந்த ஒரு வரி கிடைத்தால் அவவுக்கு ஒரு புத்தகமே எழுதலாம். ஆனால் அவவிடம் கொடுக்கக் குறி இல்லை.

“இல்லை” என்றேன். “மறந்திட்டார் போலை.”

ஆஸ்முண்ட் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ போன பிறகு கோப்பைகளை எடுக்க வந்தேன். அன்று காதில் சொன்னது அவருக்கு நினைவில் இருக்காது. என்னையே நினைவில் இருக்காது. புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்து, மூன்று வரி சொல்லிவிட்டுக் கேட்டார்.

“நீ யாருடைய படகு?”

“என்ரை மகன்ரை படகு” என்றேன்.

“நல்ல படகோ?”

“தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் ஏறப்போறன்.”